ஓடுறதைக் கழட்டாதை

போன மார்கழியில் ஒரு இரவு, ஒரு மணி தாண்டி, எங்கட மொரிஸ் மைனர் செம்மணி வெளியில் நின்றுபோனது. பின் சீற்றில் அம்மம்மா. தொய்வு. அவ மூச்சை இழுக்கிற சத்தம் முன் சீற்று வரைக்கும் கேட்டது. பக்கத்தில் இருந்து அம்மா முதுகைத் தடவிக்கொண்டிருந்தா. கைதடியில் இருந்து நாவற்குழிப் பாலம் தாண்டும்வரைக்கும் ஒரு குறையும் சொல்லாமல் வந்த எஞ்சின் இரண்டு தரம் இருமியது, ஒரு தரம் பின்னுக்கு வெடித்தது, பிறகு அடங்கிவிட்டது. அப்பா கிளச்சை மிதித்து, கார் உருளுற மட்டும் உருளவிட்டு, ரோட்டுக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பக்கமும் தண்ணி நிற்கிற வெளி. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இரவில் நிற்க எங்கட ஊரில் ஒருத்தருக்கும் விருப்பமில்லை. ஏன் என்று இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"மழைத் தண்ணி பட்டிட்டுது போல" என்று அப்பா பின்னுக்குத் திரும்பிச் சொன்னார். எங்கட வீட்டில் இண்டைக்கும் அந்த இரவைப் பற்றிக் கதைக்கும்போது அப்படித்தான் சொல்லப்படுகிறது. மழைத் தண்ணி பட்டு கார் நின்றது. சொந்தக்காரருக்கும் அதுதான் தெரியும்.

மழைத் தண்ணி இல்லை. என்ன காரணம் என்று எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். காரணத்தைக் காருக்குள் பூட்டியது நான்.

அதைச் சொல்ல முதல் எஞ்சின் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கலைப்பீடக்காரி எஞ்சின் படிப்பிக்க வெளிக்கிட்டிட்டாள் என்று சிரிக்கிற ஆக்கள் சிரிக்கலாம். நான் படித்தது புத்தகத்தில் இல்லை, பொனற்றுக்குக் கீழ ரோச் பிடித்துக்கொண்டு நின்றுதான்.

பெற்றோலும் காற்றும் கலந்து உள்ளே போனால் மட்டும் எஞ்சின் ஓடாது. சரியான நேரத்தில் ஒரு பொறி விழவேண்டும். பற்றரியில் இருப்பது 12 வோல்ற். பிளக்கின் நுனியில் இருக்கிற இடைவெளியைப் பாய்ந்து கடக்க ஆயிரக்கணக்கான வோல்ற் வேண்டும். கொயிலுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற மின்னோட்டத்தைச் சடாரென்று வெட்டினால் அதன் மற்றப் பக்கத்தில் அந்த உயர்ந்த வோல்ற் பிறக்கும். வெட்டுகிற வேலை பொயின்ற்றுக்கு. இரண்டு சின்ன உலோகக் குமிழ்கள், ஒன்றையொன்று தொட்டு விலகும், தொட்டு விலகும். விலகுற நேரத்தில் மின்சாரம் அந்த இடைவெளியிலேயே பொறியாகி வீணாகாமல் தாங்கிக்கொள்வது கொண்டன்சர், சுண்டுவிரல் நுனி அளவு தகர உருளை. பிறந்த மின்சாரத்தை நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கிடுவது ரோட்டர். மைனருக்கு அந்த முறை 1, 3, 4, 2. அமெரிக்காவில் சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர் 1910 அளவில் கடிலாக் காருக்கு உருவாக்கிய முறை இது. 1970கள் வரைக்கும் உலகத்தின் பெரும்பாலான பெற்றோல் கார்கள் இப்படித்தான் ஓடின.

நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற இரண்டு பொறி. நிமிசத்துக்கு 3000 சுற்று என்றால் 6000 பொறி, அதாவது செக்கனுக்கு 100. செக்கனுக்கு நூறு தரம் அந்தப் பொயின்ற் திறந்து மூடுகிறது. அதன் குதி சுழல்கிற தண்டில் உரசி உரசித் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும். இருக்கவேண்டியது ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. ஒரு சிகரெட் பெட்டி மட்டையின் தடிப்பு கிட்டத்தட்ட அவ்வளவு. எங்கட அப்பா வாழ்நாளில் சிகரெட் குடித்ததில்லை, ஆனால் பேர்ஸுக்குள் எப்பவும் ஒரு துண்டுச் சிகரெட் மட்டை இருக்கும். அம்மாவுக்கு அது கலியாணம் கட்டிய புதிதில் பெரிய சந்தேகமாம்.

அப்பாவின் கொள்கை ஒரே வசனம்: "ஓடுறதைக் கழட்டாதை."

பொயின்ற் தேய்ந்தால் நெருப்புப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் தேய்த்து, மட்டையை வைத்து இடைவெளியைச் சரிசெய்து திரும்பவும் ஓட்டுவார். பிளக் கரிபிடித்தால் கம்பிப் பிரசால் தேய்ப்பார். மாற்றுவது என்பது, இனி எதைத் தேய்த்தும் பிரயோசனமில்லை என்று அந்தச் சாமானே வாயைத் திறந்து சொன்ன பிறகுதான். அப்ப கூட பழையதை எறியமாட்டார். டிக்கிக்குள் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கு. அதற்குள் போகும்.

சின்ன வயதில் இதை நான் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். பிறகுதான் அது எங்கேயிருந்து வந்தது என்று விளங்கியது. அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரிந்த காலம் 1990க்குப் பிறகு. பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் இல்லை, ரோச் பற்றரி இல்லை, உதிரிப்பாகம் என்ற பேச்சே இல்லை. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்திருந்து சொட்டுச் சொட்டாக விடுவார்களாம். மண்ணெண்ணெய் முழுசாக எரியாது. பிளக்கில் கரி அப்பும். அதுவும் ஊர்ந்து ஊர்ந்து போனால், எஞ்சின் சூடு குறைந்தால், சொல்லிவேலையில்லை. இப்படியொரு காலத்தில், ஓடிக்கொண்டிருக்கிற சாமானைக் கழட்டி வீசிவிட்டுப் புதுசைப் போடுகிறவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள்? முற்கூட்டியே மாற்றுவது என்பது நாளைக்கும் கடை திறக்கும், நாளைக்கும் கப்பல் வரும் என்று நம்புகிறவர்களின் பழக்கம்.

எங்கட தலைமுறைக்கு அது கதை என்று நினைத்திருந்தோம். 2022 இல் எங்களுக்கும் ஒரு சொட்டுக் காட்டினார்கள். டொலர் மூன்று மாதத்துக்குள் 200 ரூபாவில் இருந்து 360 அளவுக்குப் போனது. எரிபொருள் வரிசையில் காரை ஸ்ராட் பண்ணாமல் தள்ளித் தள்ளி முன்னுக்குக் கொண்டுபோனோம். பிறகு கியூஆர் அட்டை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். உதிரிப்பாகக் கடைக்குப் போனால் "சாமான் இல்லை", இருந்தால் கேட்ட விலையில் மயக்கம் வரும். அப்பா மட்டும் பதறவில்லை. தகரத்தைத் திறந்து, பழைய பொயின்ற் ஒன்றை எடுத்துத் தேய்த்துப் பூட்டினார். முகத்தில் ஒரு திருப்தி. இவ்வளவு காலமும் இதற்காகத்தான் காத்திருந்தவர் போல.

அப்படியென்றால் நான் ஏன் அவருடைய கொள்கையோடு சண்டைக்குப் போனேன்?

ஒரு பரீட்சை நாளால். காலமை எட்டரைக்குச் சோதனை. பஸ்சில் போயிருக்கவேண்டியது. "மழை வரப்போகுது பிள்ளை, நான் கொண்டுபோய் விடுறன்" என்றார் அப்பா. இரண்டு கிழமையாகவே காருக்கு இழுவை இல்லை. நான் சொன்னேன், அவரும் "ஓம் ஓம், பாப்பம்" என்றார். கைதடிச் சந்திக்குக் கிட்ட நின்றுவிட்டது. பொயின்ற் குதி தேய்ந்து தேய்ந்து இடைவெளியே இல்லாமல் போயிருந்தது. அப்பா நெருப்புப்பெட்டியை எடுக்க, நான் வந்த பஸ்சை மறித்து ஏறிவிட்டேன். சோதனை மண்டபத்துக்குள் போகும்போது இருபது நிமிசம் பிந்திவிட்டது. கடைசிக் கேள்வியை முடிக்கவில்லை. அந்தப் பாடத்துக்கு வந்த பெறுபேற்றை இதில் எழுதமாட்டேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "இரண்டு கிழமையா அது சொல்லிக்கொண்டிருக்குது அப்பா. நீங்கள் கேக்கேல்லை. ஒரு பொயின்ற் எவ்வளவு காசு? நிக்கிற வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கிறியள், நிண்டால் ஆர் நடு ரோட்டில நிக்கிறது?" அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

கொஞ்சம் காசு சேர்த்து, இணையத்தில் தேடி, கொழும்பில் ஒரு கடையில் முழுச் செற் ஒன்று எடுப்பித்தேன். பொயின்ற், கொண்டன்சர், ரோட்டர், நாலு பிளக். எல்லாம் புதுப் பெட்டியில், பளபளவென்று. "எல்லாத்தையும் ஒரேயடியா மாத்துவம், இனி ரெண்டு வருசத்துக்கு யோசனை இல்லை" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "ரெண்டு பொயின்ற்றும் பிளக்கும் சரி. மற்றது ஏன் பிள்ளை? ஓடுறதைக்..." நான் வசனத்தை முடிக்கவிடவில்லை.

கராச்சுக்குக் கொண்டுபோனோம். அங்கே இருக்கிற ஐயா எழுபது தாண்டியவர், மைனரையும் ஏ ஃபோர்ட்டியையும் தவிர வேறொன்றுக்கும் கை வைக்கமாட்டார். என்னுடைய கொண்டன்சரை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "மாஸ்ரர், உது இப்பத்தைய சாமான். பழசு முப்பது வருசம் ஓடினது. இது ஓடுமோ எண்டு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்." ரோட்டரைத் திருப்பிப் பார்த்தார். "உதில ஆணி அடிச்சுக் கிடக்கு. கரண்ட் இதுக்குள்ளால கீழ இறங்கினாலும் இறங்கும். பழசைப் போடுங்கோ." ரோட்டர் விசயத்தில் நான் விட்டுக்கொடுத்தேன். கொண்டன்சரில் விடவில்லை. இந்த ஆம்பிளையள் எல்லாரும் பழசுக்குத்தான் வக்காலத்து வாங்குவார்கள் என்று எனக்குள் ஒரு வீம்பு. "நானே பூட்டுறன்" என்றேன். பூட்டினேன். ஒரேயொரு ஸ்குரூதான். ஐயா பழைய கொண்டன்சரை ஒரு பழைய தாளில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தார். அது தகரத்துக்குள் போனது.

கார் பறந்தது. உண்மையாகவே. புதுப் பொயின்ற், புதுப் பிளக், அரைத் திறப்பில் ஸ்ராட். நான் பதினாறு நாள் வெற்றிக் களிப்பில் இருந்தேன்.

பதினேழாம் நாள் இரவுதான் செம்மணி.

ஏன் 1990 அம்புலன்சுக்கு முதலே அடிக்கவில்லை என்று கேட்பீர்கள். அம்மம்மா விடவில்லை. "அம்புலன்சில ஏத்தினா ஊர் முழுக்க நான் செத்துப்போனன் எண்டு கதை போயிடும். கார்தானே நிக்குது" என்றா, மூச்சு இழுக்கிறதுக்கு நடுவில். கார் நின்ற பிறகு நான் அடித்தேன், வருகிறோம் என்றார்கள். அதுவரைக்கும் அப்பா சும்மா நிற்கவில்லை.

முதலில் அவரும் உண்மையாகவே மழை என்றுதான் நினைத்தார். மூடியைக் கழட்டி, சாரத் தலைப்பால் உள்ளே துடைத்து, வயர்களைத் துடைத்துப் பூட்டி ஸ்ராட் பண்ணினார். இல்லை. திரும்பவும் மூடியைக் கழட்டினார். "திறப்பைப் போடு பிள்ளை" என்றார். நான் போட்டுவிட்டு வந்து ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தேன். ஸ்குரூ டிரைவர் நுனியால் பொயின்ற்றை மெல்லத் திறந்தார். இரண்டு குமிழுக்கும் நடுவில் கொழுத்த நீலப் பொறி ஒன்று. இருட்டில் அது அழகாக இருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் அங்கேயே எரிந்துகொண்டிருந்தது. கொண்டன்சர் செத்துவிட்டால்தான் அப்படி எரியும். அது எனக்கும் தெரியும், அவர்தான் சொல்லித் தந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "தகரத்தை எடு" என்றார்.

அந்த ஸ்குரூ நெல்மணி பருமன். கை தவறினால் சேற்றுக்குள், இல்லாவிட்டால் டிஸ்ரிபியூட்டருக்குள். நான் ஒரு கையில் ஃபோனும், மற்றக் கையை விரித்துக் கீழே ஏந்தியபடியும் நின்றேன். என் கை நடுங்கியது. அவருடைய கை நடுங்கவில்லை. பின்னால் அம்மம்மாவின் மூச்சு. இரண்டு லொறி எங்களைக் கடந்து போனது. தாளைப் பிரித்து, முப்பது வருசப் பழைய கொண்டன்சரை வைத்து, ஸ்குரூவை விரல் நுனியால் தேடித் தேடி ஏற்றினார். ரோட்டரை வைத்து, மூடியைப் போட்டு, "அடி" என்றார். பிடித்துக்கொண்டது.

நின்றதில் இருந்து இருபத்தைந்து நிமிசம். அம்புலன்சுக்கு வேண்டாம் என்று சொன்னோம். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்க, விடிய நாலு மணிக்கு அம்மம்மா பிளேன்ரீ கேட்டா. நான் வெளியில் வந்து அழுதேன்.

அப்பா வாங்கில் இருந்தார். பக்கத்தில் போய், "என்ர பிழை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் எதிர்பாராத ஒரு கதையைத் தொடங்கினார்.

1995 ஐப்பசி 30. வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட இரவு. அப்பாவின் ஆக்கள் அப்போது கோண்டாவிலில் இருந்தார்கள். இதே கார். பின் சீற்றில் அப்பப்பாவின் அம்மா, நடக்கமாட்டாத மனுசி. ரோட்டு நிறையச் சனம், மழை, கார் மணித்தியாலத்துக்கு நூறு யார் கூட நகரவில்லை. மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் அப்படி ஊர்ந்தால் என்னாகும் என்று மேலே சொன்னேன். செம்மணி வரும்போது நாலு பிளக்கும் கரி. அப்பப்பாவிடம் நாலு புதுப் பிளக் இருந்தது. எண்பதுகளில் வாங்கியது, பெட்டி உடைக்காதது, எத்தனையோ வருசமாக "ஒரு அவசரத்துக்குத் தேவைப்படும்" என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது. "நான் சொன்னன், அய்யா, உதைப் போடுவம் எண்டு. மனுசன் விடேல்லை. இன்னும் போகவேண்டிய தூரம் கிடக்கு, இப்பவே போட்டு முடிச்சா பிறகு என்ன செய்யிறது எண்டார்." காரை நாவற்குழிப் பாலத்துக்கு மேலால் தள்ளிக்கொண்டு போனார்களாம். கிழவியைக் காரோடு சேர்த்து. அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

"பிறகு அந்தப் பிளக்கை எப்ப போட்டனியள்?" என்று கேட்டேன்.

"போடேல்லை. தகரத்துக்க கிடக்கு."

இதற்குப் பிறகு நான் கொஞ்சம் வாசித்தேன். பொறியியல் படிக்கிற ஒரு நண்பனிடம் கேட்டபோது அவன் அனுப்பியது, 1978 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு அறிக்கை. யுனைற்றட் விமான நிறுவனத்தைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இரண்டு பேர் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக எழுதியது. விமானப் பாகங்களைக் குறிப்பிட்ட மணித்தியாலம் ஓடியதும் கழட்டி மாற்றுவது பாதுகாப்பு என்றுதான் ஒரு காலத்தில் நம்பினார்கள். அவர்கள் கணக்குப் பார்த்ததில், வயது போகப் போகப் பழுதாகும் வாய்ப்பு கூடுகிற பாகங்கள் வெறும் 11 வீதம். மற்ற 89 வீதத்துக்கு, வயதைப் பார்த்து மாற்றுவதால் பிரயோசனம் இல்லை. அதிலும் 68 வீதமானவை புதிதாகப் பூட்டின உடனேயேதான் அதிகம் பழுதாகின்றன. அந்த ஆரம்பக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் பிறகு நீண்ட காலம் ஓடும்.

கராச் ஐயா உள்ளங்கையில் உருட்டிச் சொன்னது இதைத்தான். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் இதை வைத்து அப்பாவின் வசனம்தான் சரி என்று நான் சொல்லமாட்டேன். பொயின்ற் அந்த 11 வீதத்துக்குள் வருகிற சாமான். அது உரசித் தேய்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கு என்று மட்டை வைத்து அளக்கலாம், இழுவை குறைந்து முற்கூட்டியே சொல்லவும் செய்யும். பிளக்கும் அப்படித்தான், நுனி எரிந்து எரிந்து இடைவெளி அகலும். இவற்றை நிற்கும்வரைக்கும் ஓட்டுவது சிக்கனம் இல்லை, சோம்பல். என்னுடைய பரீட்சைக் கேள்வி அதில்தான் போனது. கொண்டன்சர், கொயில் வேறு சாதி. அவை தேய்ந்து தேய்ந்து போவதில்லை. நேற்றுவரைக்கும் நல்லாயிருந்துவிட்டு இண்டைக்குப் போகும். அளந்து பார்க்க எங்களிடம் ஒன்றும் இல்லை. முப்பது வருசம் ஓடிய ஒன்றைக் கழட்டி, பதினாறு நாள் ஓடப்போகிற ஒன்றைப் போட்டேன் நான். அதுவும் எல்லாவற்றையும் ஒரே நாளில். ஒரே நாளில் நாலு சாமானை மாற்றினால், பழுது வரும்போது எதைச் சந்தேகப்படுவது?

இதெல்லாம் மைனருக்கு மட்டும் இல்லை. மாமாவின் ஜப்பான் காரில் பொயின்ற்றும் இல்லை, கொண்டன்சரும் இல்லை. பிளக்குக்கு ஒன்றாகத் தலையில் கொயில் குந்தியிருக்கு. இரிடியம் பிளக், ஒரு இலட்சம் கிலோமீற்றர் அளவுக்குப் போகும் என்பார்கள். மாமா அதைத் தாண்டியும் ஓடினார். தேய்ந்த பிளக்கின் அகன்ற இடைவெளியைப் பாயக் கொயில் கூடுதலாகக் கஷ்டப்படவேண்டும், கடைசியில் கொயில் போகும். கொயில் போனால் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே இருக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டுவிடும். பிளக்கில் தொடங்கியது அதன் பல மடங்கு விலையில் முடிந்தது. லைற் பத்திப் பத்தி அணைந்துகொண்டு இருந்ததாம், மாமா அதில் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டு ஓடியிருக்கிறார். எங்கட குடும்பத்து ஆம்பிளைகளுக்கு இது பரம்பரை வியாதி. ஓட்டோக்காரர் எவ்வளவோ மேல். டாஷ்போட்டுக்குள் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளக்கும் பிளக் சாவியும் வைத்திருக்கிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இன்னும் விடுபடாத ஒன்று இருக்கு. அப்பா நிற்கும்வரைக்கும் ஓட்டினார், நின்றபோது நடு ரோட்டில் நின்றது நான். நான் முற்கூட்டியே மாற்றினேன், நின்றபோது மூச்சுக்குத் தவித்தது அம்மம்மா. அப்பப்பா பொத்தி வைத்தார், தள்ளியது அப்பா. முடிவெடுத்தவர் ஒருத்தர், ரோட்டில் நின்றவர் இன்னொருத்தர். தனிய ஓடுகிற காரை எப்படியும் ஓட்டலாம், ஆனால் பின் சீற்றில் ஆள் இருக்கிற காரை?

அப்பா இண்டைவரைக்கும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சித்தி கேட்டபோதும் "மழைத் தண்ணி" என்றார், என்னைத் திரும்பியும் பார்க்காமல். முதலில் அது எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது இல்லை. அதுதான் எழுதுகிறேன். அம்மா இந்தப் பக்கத்தை வாசிக்கிறவ.

இப்போது எங்கட முறை கொஞ்சம் மாறியிருக்கு. பொயின்ற் இடைவெளியை மாதம் ஒருக்கால் நான் மட்டை வைத்துப் பார்க்கிறேன், ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். குதி பாதி தேய்ந்தால் மாற்றுவது, இதில் பேச்சில்லை. புதுக் கொண்டன்சர் இன்னொன்று வாங்கினோம். அதைப் பூட்டி, கைதடிக்கும் சாவகச்சேரிக்கும் இடையில், பகலில், தனிய, ஒரு மாதம் ஓட்டினோம். சாகவில்லை. பிறகு அதைக் கழட்டித் தகரத்துக்குள் போட்டுவிட்டுப் பழையதையே திருப்பிப் பூட்டினார் அப்பா. அதாவது, ஓடுறதைக் கழட்டினார். நான் சுட்டிக்காட்டினேன், அவர் காது கேட்காதவர் போல இருந்தார்.

போன கிழமை பிளக் துப்புரவாக்க எடுத்தபோது தகரத்தின் அடியில் அந்த நாலு பெட்டியையும் கண்டேன். சம்பியன் என்ற எழுத்து மங்கிப்போய் இருந்தது. ஒன்றைத் திறந்தேன். உள்ளே வெள்ளைப் பீங்கான், ஒரு கீறல் இல்லை, ஒரு கரி இல்லை. நாற்பது வருசமாகப் புதுசு.

"அப்பா, இதைப் போடுவமா?"

கையை நீட்டி வாங்கினார். வெளிச்சத்துக்குப் பிடித்து நுனியைப் பார்த்தார், விரலால் திருகில் ஒரு சுற்றுச் சுற்றினார். போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பெட்டிக்குள் திரும்ப வைத்து மூடினார்.

"உது கிடக்கட்டும். நீ வாங்கினதைக் கொண்டா. ரோச்சையும் எடு, இருட்டுது."